காப்புக் கட்டிய கிடாவும் டீச்சரும்

கல்வராயன் மலையில், கல்லூரித் தோழியின் அக்கா வீட்டு வாசலில், வாயில் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. தோழியின் கல்யாணத்துக்குப் போன மறுநாள் காலை. அந்த அக்கா அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, ஒரு சொம்போடு வெளியே வந்தார். வேலியோரம் கட்டியிருந்த வெள்ளாட்டின் பக்கத்தில் குந்தினார். சர், சர் என்று சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிப்பதற்குள் பால் உள்ளே போய்விட்டது. நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் டீ என் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் டீ என்றால் முதலில் கடைக்கு ஆள் போக வேண்டும். பாக்கெட் தீர்ந்திருந்தால் அடுத்த கடை. அங்கே கரண்ட் போயிருந்தால் பால் திரிந்திருக்கும். இங்கே என்னவென்றால், நாலு காலில் நடக்கும் ஒரு ஃபிரிட்ஜ் வேலியைத் தின்றுகொண்டு நிற்கிறது, வேண்டும்போது திறந்து மூடிக்கொள்ளலாம். டீயின் கடைசி வாய் தொண்டையில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் அப்படித்தான். முடிவு முதலில் வரும், யோசனை பின்னால் பஸ் பிடித்து வரும்.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் ஆடு வாங்கியவர்கள். அந்த வகையில் நான் உங்களுக்கு சீனியர். அனுபவம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை என்று யாராவது சொன்னால், நானும் ஓய்வு பெற்றவள்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து, இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழா நடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தீவனம் எவ்வளவு வைப்பது, கொட்டகையை எந்தத் திசை பார்த்துப் போடுவது, பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் போனில் கொட்டிக் கிடக்கிறது. போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மாப்பிள்ளை தேடிய கதை.

மலையிலிருந்து நான் வாங்கி வந்த பெட்டை ஆடு ஜீப்பிலிருந்து இறங்கியதும் எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை. என் மாமனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஒரு டீச்சர் வேலைய வுட்டுட்டு வூட்ல வந்து குந்துச்சேனு பாத்தா, இன்னொரு டீச்சர் வந்து எறங்குது."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் டீச்சர். அது கத்தினால் மாமா என்னைப் பார்த்து, "டீச்சர் கூப்புடறாங்க பாரு" என்பார். நான் கூப்பிட்டால் ஆட்டைப் பார்த்து அதையே சொல்வார். மாமியார் மட்டும் எங்கள் பக்கம். ஆட்டுப்பால் என்றால் மொச்சை வாடை அடிக்கும் என்று முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தவர், மூன்றாம் நாள் இரண்டாவது டம்ளர் கேட்டார். சுத்தமாகக் கறந்து, கிடா வாடை அண்டாமல் வைத்திருந்தால் பாலில் ஒரு வாடையும் வராது. மாமாவும் குடித்தார். ஆனால் கடைசிவரை அதை ஆட்டுப்பால் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னிக்கி பாக்கெட்டு நல்லாக் கீது" என்றுதான் சொல்வார்.

சில மாதத்தில் பால் குறைந்தது. அப்புறம் சொட்டானது. அப்புறம் மறந்தேபோனது. இங்கேதான் புதிதாக வருகிற நாமெல்லாம் முழிக்கிறோம். ஃபிரிட்ஜ் என்று நினைத்து வாங்கியது ஃபிரிட்ஜ் இல்லை, ஒரு தாய். குட்டி போட்டால்தான் பால். குட்டி வேண்டுமென்றால் கிடா வேண்டும். எங்கள் மலையடிவாரத்து ஊரில் வீட்டுக்கு வீடு ஆடு இருக்கிறது, கிடா மட்டும் இல்லை. கிடாக்குட்டி கொஞ்சம் சதை போட்டதும் சந்தைக்குப் போய்விடும். யாரும் அதை வயதுக்கு வர விடுவதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பொடியன் கிடா இருந்தான். அவனை அழைத்துவந்தோம். ஆர்வத்துக்குக் குறைவில்லை, உயரம்தான் பத்தவில்லை. நான் ஒரு செங்கல்லை எடுத்து அவன் காலுக்குக் கீழே போட்டேன். அவன் செங்கல்லில் ஏறி நின்று பூவரச இலையை எட்டித் தின்றான். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுக்கு அந்த வருடம் பெயில். அடுத்த பருவத்தில் சினை ஊசி போட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை.

"பாலும் இல்ல, குட்டியும் இல்ல. கொல்லையில நட்ட வாழை மட்டும் கம்மியாயிக்கினே போவுது" என்றார் மாமா. "ஆடி வருது. கள்ளக்குறிச்சியில ஒரு ஆளு கேட்டுக்கினு கீறான். கோயிலு கோயிலா கறி வெட்டுற நேரம், நல்ல வெலைக்கு எடுப்பான். இந்தத் தரம் சினை நிக்கலைன்னா டீச்சருக்கு ட்ரான்ஸ்பர்தான்."

கேலியாகச் சொன்னாலும் மாமா சொன்னால் செய்துவிடுவார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஊரில் வயது வந்த கிடா ஒன்றே ஒன்று இருந்தது. அது அஞ்சலை அக்கா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அக்காவின் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இனி எழுந்து நடப்பாரா என்று இருந்தபோது, கால் சரியானால் உனக்கு இந்தக் கிடா என்று அக்கா ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டார். இப்போது அந்த மனுஷர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடைவரை நடக்கிறார். கிடா ஆடிக்காகக் காத்திருந்தது.

நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் கயிறு கிடையாது. அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. யார் கொல்லையில் நுழைந்து எதைத் தின்றாலும், "சாமி, கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வந்த எந்த அதிகாரிக்கும் அத்தனை 'ங்க' கிடைத்து நான் கண்டதில்லை. அதுவும் அதற்கேற்ற மிடுக்கோடுதான் திரியும். தன் தாடியில் தானே மூத்திரம் அடித்துக்கொண்டு, அத்தர் பூசிய மாப்பிள்ளை மாதிரி தெருவின் நடுவில் நிற்கும். சைக்கிள்காரர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். கிடா பார்க்கும்போது கொம்பைப் பார்த்து மயங்காதீர்கள். நிறம், தாடி, நெஞ்சு அகலம் எல்லாம் கறிக்கடைக்காரர் பார்க்க வேண்டியது. நமக்கு வேண்டியது பால். பால் அவனிடம் இல்லை, அவனைப் பெற்றவளிடம் இருந்தது. ஆகவே நான் அஞ்சலை அக்காவிடம் போய், சம்பந்தம் பேசப்போனவள் மாதிரி உட்கார்ந்து, கிடாவின் அம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

"அவளா?" என்றார் அக்கா. "ரெண்டு குட்டி முட்டி முட்டிக் குடிச்சது போவ, காலையில எனக்கு மூணு டம்ளரு ஊத்துவா. மடி தொளதொளனு தொங்காது. பந்தாட்டம் கெட்டியா நிக்கும். கறக்கறப்ப ஒரு ஒதை வாங்குனதில்ல நானு."

"குடும்பத்துல ஏதாவது நோய் நொடி?"

"ஏம்மா, நீ ஆட்டுக்குப் பாக்கறியா, உன் நாத்தனாருக்குப் பாக்கறியா?"

சிரித்துக்கொண்டே சம்மதித்தார். டீச்சர் அடுத்த முறை பருவத்துக்கு வந்து கத்தும்போது கூட்டிவரலாம், சாமி ஒன்றும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை என்றார்.

நான் காத்திருந்தேன். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. நான் காலையில் எழுந்ததும் போய் வாலைப் பார்ப்பேன். பருவத்துக்கு வந்தால் வால் நிற்காமல் ஆடும். அது ஆடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். புதன்கிழமை விடியற்காலையில் டீச்சர் ஆரம்பித்தாள்.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை கறி கிடையாது, கல்யாணப் பேச்சு கிடையாது, வெளியூரில் தங்கல் கிடையாது. புருஷன் பெண்டாட்டி தனித்தனிப் பாய். ஊர் முழுக்க அப்படி வாயையும் மனதையும் கட்டிக்கொண்டு இருக்கும் காலையில், எங்கள் கொட்டகையிலிருந்து மாப்பிள்ளை வேண்டும், மாப்பிள்ளை வேண்டும் என்று ஒரு குரல் தெருக்கோடிவரை போகிறது. மாமியார் வெட்கப்பட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அஞ்சலை அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"கேட்டுச்சிம்மா, இங்க வரைக்கும் கேக்குது. ஆனா கொம்புல மஞ்சக்கயிறு கட்டியாச்சே. இனிமே சாமியும் விரதம்."

"விரதமா? இப்பதான் உங்க முருங்கைய மொட்டையடிச்சுட்டுப் போச்சுக்கா."

"முருங்க சைவம்தான?"

நான் வாதாடிப் பார்த்தேன். ஆட்டின் பருவம் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். இதை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான். அதற்குள் திருவிழா முடிந்திருக்கும், சாமி குழம்பாகியிருக்கும், டீச்சர் கள்ளக்குறிச்சிக்குப் போயிருப்பாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேலி இல்லாத குரலில் சொன்னார்.

"உனக்கு ஆடு போவும்னு பயம். எனக்கு அவரு காலும்மா. நடந்துக்கினு கீறாரு. நான் ஒண்ணு செஞ்சி, அது தப்பாப் போயி, மறுபடியும் அவரு கட்டில்ல விழுந்துட்டா? யாரு வந்து தூக்கறது?"

செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால், மாமியார் கொட்டகை வாசலில் நின்று ஒரு யோசனை வைத்திருந்தார். தெருவில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு சன்னமாகச் சொன்னார்.

"அந்த முடிச்ச நான் கொஞ்சம் லூசாக் கட்டட்டா? கயிறு தானா அவுந்துக்கிச்சி, ஆடு தானாப் போயிடிச்சி. சாமியும் கட்டாத சாமி. எங்க பாத்துக்கினாங்களோ, இன்னா பண்ணிக்கினாங்களோ, நமக்கு இன்னா தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், நல்ல யோசனை. என் கை கயிற்றுக்குப் போய்விட்டது. முடிச்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும். டீச்சரும் ஆவலோடு என் கையையே பார்த்தாள்.

நீங்கள் எல்லாருமே ஒரு நாள் இப்படி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அப்போது நான் நினைத்ததை நினைத்துப் பாருங்கள். இன்றைக்குக் கயிறு அவிழும், சினையும் நிற்கும், யாருக்கும் தெரியாது. நாளைக்கு அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் டீக்கடைப் படியில் கால் தடுக்கினால்? அப்போது ஊர் முழுக்க என் ஆட்டைத்தான் பார்க்கும். அதற்கப்புறம் எனக்கு யார் தழை ஒடிக்க விடுவார்கள்? நான் வெளியூர் போனால் யார் கறந்து வைப்பார்கள்? வீட்டில் ஆடு வளர்ப்பது வேலிக்கு உள்ளே நடக்கிற காரியம் போலத் தெரியும். பாதிக்கு மேல் வேலிக்கு வெளியேதான் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மனுஷர் நடக்கும்போது அக்கா பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். முடிச்சை விட்டுவிட்டு, கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்தேன்.

"பூசாரிகிட்ட போறேன் அத்த. கேட்டுட்டே செய்யறேன்."

"ஆட்ட எதுக்கு இட்டுக்கினு போற?"

"சரின்னு சொல்லிட்டா அங்கயே முடிச்சிடலாம். நேரம் மிச்சம்."

இந்த நேரம் மிச்சம் என்கிற சொல்லை ஞாபகம் வையுங்கள். என்னைக் குழியில் தள்ளியது இதுதான்.

வழியில் அஞ்சலை அக்காவையும் அழைத்துக்கொண்டேன். பூசாரி சொன்னால் தனக்குச் சம்மதம் என்றார், முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. வேடிக்கை பார்க்க மாமாவும் வந்தார், கயிற்றை அவரிடம் கொடுத்தேன். கோயிலைச் சுற்றி ஆள் உயரச் சுவர், முன்னால் இரும்பு கேட். உள்ளே வேப்பமரத்தடியில் சாமி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நுழைந்ததும் எழுந்து நின்றது.

பூசாரி ஐம்பது வயதுக்காரர், பேச்சு என்றால் சாப்பாட்டை மறப்பவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"காப்பு மனுசனுக்கு மட்டுமா, ஆட்டுக்கும் சேத்தானு எங்கப்பா எனக்குச் சொல்லிட்டுப் போவலியே. இதுவரைக்கும் எவனும் வந்து கேட்டதும் இல்ல."

"டீச்சருங்க ரெண்டு பேரு கீற வூடு. கேள்வி ஜாஸ்தி" என்றார் மாமா.

"ஆத்தாவையே கேட்டுருவோம்" என்றார் பூசாரி. "மூணு தரம் தண்ணி ஊத்தறேன். சிலுப்பிச்சின்னா சரி. சிலுப்பலைன்னா பெட்டைய வூட்டுக்கு இட்டுக்கினு போயிடணும். அப்புறம் பேச்சு கிடையாது."

கிடா வெட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் கேட்பார்கள். மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் மேல் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் ஆத்தா சம்மதித்தாள் என்று அர்த்தம். உதறாமல் கத்தி எடுக்க மாட்டார்கள். எனக்கு உள்ளூரக் குஷி. தண்ணீர் பட்டால் சிலுப்பாத வெள்ளாடு உலகத்தில் உண்டா? ஒரு தூறல் விழுந்தாலே வானம் இடிந்த மாதிரி உதறுகிற ஜாதி. ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

பூசாரி செம்பில் மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, முதல் தடவை ஊற்றினார். தண்ணீர் முதுகில் ஓடி வயிற்றில் சொட்டியது. சாமி அசையவில்லை.

இரண்டாவது தடவை. அசையவில்லை. கழுத்தை நீட்டி, மேல் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்திக் கல்லில் செதுக்கிய மாதிரி நின்றது. அஞ்சலை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா பல்ல கடிக்கறா. கோவம்" என்றார்.

அது கோபம் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டையின் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் கிடா அப்படித்தான் உதட்டைத் தூக்கும். அந்த நேரத்தில் அதன் மேல் ஆற்றையே திருப்பிவிட்டாலும் அதற்குத் தெரியாது. நேரம் மிச்சம் என்று டீச்சரைக் கூடவே கூட்டிவந்தேனே, அவள்தான் நாலு முழம் தள்ளி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். பேச்சுவார்த்தை முடிவதற்கு முன்னால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய் நடுக்கூடத்தில் உட்காரவைத்தவள் நான்.

மூன்றாவது தண்ணீருக்காகப் பூசாரி செம்பை நனைத்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றேன். "மாமா, இவள வெளிய இட்டுக்கினு போங்க. தண்ணி டேங்க் தாண்டி, அந்தாண்ட."

"எதுக்கு? கள்ளக்குறிச்சிக்கே ஓட்டிக்கினு போயிடட்டா?"

"மாமா."

மாமா என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்காமல் டீச்சரை இழுத்துக்கொண்டு போனார். நான் கேட்டைச் சாத்தினேன். சாமி பின்னாலேயே ஓடிவந்து கேட்டின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, போகிறவளையே பார்த்தது. வாசனை போகவும் மனசு ஆறவும் நேரம் வேண்டும். ஆனால் பூசாரியின் செம்பு தயாராக இருந்தது.

வகுப்பில் பிள்ளைகள் பரீட்சையைத் தள்ளிப்போட என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாத்தியாருக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்பார்கள்.

"ஏங்க, போன வருஷம் கூழு அண்டா கவுந்துச்சாமே, அது யாரால?"

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். அண்டா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அதை யார் அப்படி வைத்தார்கள், தான் அப்போதே என்ன சொன்னார், கூழ் ஓடிய வழியில் யார் வழுக்கி விழுந்தார், விழுந்தவர் எழுந்து யாரை அடித்தார், அந்த இரண்டு வீட்டுக்கும் இன்னும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை. நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். எங்கே தொய்கிறதோ அங்கே அஞ்சலை அக்கா, "அது மட்டுமா?" என்று ஒரு விறகைச் செருகினார். அப்போது அது எனக்கு யதார்த்தமாகத்தான் பட்டது.

சாமி கேட்டில் நின்று அலுத்துப்போய், ஒரு பெருமூச்சு விட்டு, வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்தது. கீழே கிடந்த வாழைப்பழத் தோலை முகர்ந்து வாயில் எடுத்தது. தின்கிற ஞாபகம் வந்துவிட்டது.

"மூணாவது ஊத்திடலாங்களா?" என்றேன்.

பூசாரி ஊற்றினார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் தலையில் ஆரம்பித்தது. காது படபடவென்று அடித்துக்கொள்ள, நடுக்கம் கழுத்து வழியாக முதுகுக்கு வந்து, வால்வரை போய், மறுபடி தலைக்கு வந்தது. என் சுடிதார், அக்காவின் முகம், பூசாரியின் வேட்டி எல்லாம் மஞ்சள் புள்ளி. கேட்டுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது. அவர் டீச்சரை டேங்க்குக்கு இழுத்துப்போன காலம் முடிந்து, டீச்சர் அவரை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா சொல்லிட்டா" என்றார் பூசாரி. "கோயிலு மதிலுக்குள்ள வேணாம். வெளிய போயி."

மிச்சம் நடந்ததை எழுத ஒரு வரி போதும், அவ்வளவு நேரம்தான் ஆனது. மாமா ஏமாந்துபோய்க் கேட்டார். "இவ்ளோதானா? இதுக்கா காலையில இருந்து ஊர கூட்டினீங்க?"

இன்னொரு தடவையும் சேரட்டும் என்று சாயங்காலம்வரை டீச்சரை அக்கா வீட்டுக் கொல்லையில் விட்டிருந்தேன். அழைத்துவரப் போனபோது அக்கா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"டீச்சர எதுக்கு வெளிய அனுப்புன, எனக்குத் தெரியாதுனு நெனச்சியா?"

டீச்சரின் கயிற்றை அவிழ்ப்பதை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

"அட, இன்னாத்துக்கு முழிக்கிற? நான்தான கூட உக்காந்து கூழு கதைய இழுத்துக்கினு இருந்தேன். சரி, அத வுடு. மொத ரெண்டு தண்ணிய பூசாரி எங்க ஊத்துனாரு?"

"முதுகுல."

"மூணாவது?"

நான் யோசித்தேன். செம்பு சாய்ந்தது கண்ணுக்கு வந்தது. காதுக்குள். நேராக இடது காதுக்குள்.

"அப்ப நம்ம மூணு பேரும் சேர்ந்து ஆத்தாவ ஏமாத்திட்டமாக்கா?"

"ஏமாத்தறதா? அவளுக்கு இஷ்டம் இல்லன்னா நம்ம மூணு பேருக்கும் ஒரே நேரத்துல புத்தி வேல செஞ்சிருக்குமா? போம்மா, ஆட்ட ஓட்டிக்கினு போ."

பூசாரியிடம் நான் இதுவரை இதைப் பற்றிக் கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

திருவிழா நடந்தது. சாமி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை முதல் தண்ணீருக்கே சிலுப்பியதாம். அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக் கோயிலைச் சுற்றி வந்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கறி வந்தது. நான் ரசம் சோறு சாப்பிட்டேன். மாமா மட்டும் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "சம்பந்தி நல்லா வெந்துகீறாரு" என்றார். மாமியார் அவர் இலையில் அதற்கு மேல் குழம்பு ஊற்றவில்லை.

மூன்று வாரம் ஆகும் சமயத்தில் மாமா தினமும் கொட்டகைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். டீச்சர் மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் "கத்திட்டா, கத்திட்டா" என்று சத்தம் போட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு நான்கூடக் கத்துவேன். மற்றபடி டீச்சர் அமைதியாக இருந்தாள். வால் ஆடவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர் போன் செய்தபோது, "அது இப்ப விக்கறதுக்கில்லபா" என்று மாமா சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. எனக்குக் கேட்டது அவருக்குத் தெரியாது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு குட்டி. ஒரு பெட்டை, ஒரு கிடா. மடி பந்து மாதிரி இறங்கியது.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்லிவிடுகிறேன். பச்சைப் பாலைக் கறந்த சூட்டில் நுரையோடு குடிப்பது பற்றி உங்களில் பாதிப் பேர் வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மாமாவும் பார்த்திருந்தார், டம்ளரோடு வந்து நின்றார். நான் கொடுக்கவில்லை. ஆடு நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும்போதே பாலில் நோய் இருக்கலாம். குறைமாதத்தில் குட்டியைத் தள்ளவைக்கும் கன்று வீச்சு நோய் மனிதருக்கு வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சலில் தள்ளும். கால்நடை டாக்டரிடம் டீச்சரின் ரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதித்தேன். நோய் இல்லை என்று வந்தது. வந்த பிறகும் எங்கள் வீட்டில் காய்ச்சித்தான் குடிக்கிறோம். ரத்தப் பரிசோதனை ஒரு நோய்க்குத்தான், பாத்திரத்தில் விழுகிற மற்றதுக்கெல்லாம் அடுப்புதான். "அப்ப பச்சையா எவன்தான் குடிக்கறான்?" என்று மாமா கேட்டார். குட்டிகள் என்றேன். மாமா கொஞ்ச நேரம் குட்டிகளைப் பொறாமையோடு பார்த்தார்.

இப்போது பங்குனி. பெட்டைக்குட்டி எங்களோடு இருக்கும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை கிடாக்குட்டியைப் பற்றித்தான். அப்பனின் நெஞ்சும் பாட்டியின் பால் ரத்தமும் உள்ளவன். அவனைத் தாய்க்கும் தங்கைக்கும் சேர்க்க முடியாது. ஆனால் உங்கள் கொட்டகைகளில் நிற்கிற பெட்டைகளுக்கு, மலை மேல் இருக்கிற என் தோழியின் அக்கா வீட்டுப் பெட்டைகளுக்கு, இந்தப் பக்கத்தில் இவனை விட்டால் வேறு ஆள் இல்லை. செங்கல் தேவைப்படாத உயரத்துக்கும் வருவான் போலிருக்கிறது. மாமாவோ அவன் விலாவைத் தடவிப் பார்த்து, ஆடிக்கு ஆகிவிடும் என்கிறார். கள்ளக்குறிச்சிக்காரரின் நம்பர் இன்னும் அவர் போனில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் மாமா கைவைக்க முடியாத கிடா எது? யாரும் விற்கவும், விரட்டவும், கட்டவும் முடியாத கிடா எது? ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, இவனை ஓட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். ஆத்தாவுக்கு நேர்ந்துவிடப்போகிறேன். முழு மனதோடுதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. எந்த வருடத்து ஆடி என்பதை மட்டும் சொல்வதாக இல்லை. ஆத்தா கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், பூசாரி கேட்டால் கூழ் அண்டா இருக்கிறது. அஞ்சலை அக்கா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வேடிக்கை பார்க்க வரலாம். பெட்டையை மட்டும் வீட்டில் கட்டிவிட்டு வாருங்கள்.